நூத்திப்பத்து கிலோ

தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இன்னுங் கொஞ்சம். ஒரு காலு வெளிய தொங்கினாப் பரவால்லீங்க, மினி பஸ்ஸுன்னா அப்பிடித்தான். இந்தச் சீட்டெல்லாம் எதுக்கு இத்தனை குட்டியாப் பண்றானுகன்னே தெரியல. எங்க காலத்துல ஒரு சீட்டுல மூணு பேரு உக்காந்து போவோம். இப்பப் பாருங்க, ரெண்டு பேருக்கே பத்த மாட்டேங்குது. எல்லாத்துலயும் கொறைக்கறாங்க தம்பி.

அந்தக் கம்பி போர்டு முட்டியில இடிக்குதுங்களா? கொஞ்சம் உங்க பக்கமாச் சாச்சு வெச்சுக்குங்க. சாதாரண ஃபிளக்ஸுதானுங்க, பொறகால நல்ல இரும்புல ஃபிரேம் அடிச்சிருக்குது. அதுல இருக்கறது நானு. பேரு பொங்கியண்ணன். மீசைக்குப் பக்கத்துல குதிரை மேல தெரியறது கருப்பணசாமி. சாமியக் கொஞ்சம் சின்னதாப் போட்டுட்டான். எடம் பத்தலைன்னு சொன்னான், நானும் சரின்னுட்டேன்.

நீங்க எந்தூருங்க? கோட்டப்பாளையமா? சரியாப் போச்சு. எங்க கருக்கம்வலசத் தாண்டித்தான் போகோணும். அது வரைக்கும் என்ர கதையக் கேளுங்க. யாருகிட்டயாச்சும் சொல்லலீன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்.

மணி என்னங்க? பதினொண்ணா? பன்னெண்டுக்குள்ள கருப்பணசாமிக்குக் கண்ணு தெறக்கோணும். அது முடிஞ்ச கையோட முதல் பரிவட்டம் என்ர தலையில ஏறோணும். அதுக்காக எட்டு மாசமா ஊருக்குள்ள சண்டை புடிச்சிருக்கறேன். இப்பச் சாமி போயி ஒரு மணி நேரமாச்சு. நான் இங்க ஒரு போர்டக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உங்ககூட மினி பஸ்ஸுல வர்றேன். அப்பிடி என்ன தப்புப் பண்ணினேன்னு நெனைக்கறீங்க? ஒண்ணுமே பண்ணலீங்க. சும்மா உக்காந்திருந்தேன். அவ்வளவுதான்.

மொதல்ல இருந்து சொல்றேன். எங்கூருக் கோயிலுக்குப் புதுசாச் சாமி செய்யறதுன்னு முடிவாச்சு. திருமுருகன்பூண்டியில ஒரு ஸ்தபதிகிட்டச் சொன்னோம். குதிரையும் சாமியும் ஒரே கல்லு. பாத்தீங்கன்னா மெரண்டு போயிருவீங்க. சாமி எத்தனை பெருசு, எத்தனை கனம்னு ஊரே பேசுச்சு. சந்தோசந்தான். ஆனா சாமிய யாரு கூட்டிட்டு வர்றதுன்னு பேச்சு வந்துச்சு பாருங்க, அங்கதான் வெனை.

எங்கூருல ஒரு மொறை இருக்குதுங்க. புதுச் சாமியக் கூட்டிட்டு வர்றவன் கையில காப்புக் கட்டிக்கோணும். சாமி வண்டி ஏறுனதுல இருந்து கோயில் வாசல்ல எறங்கற வரைக்கும் அவனும் வண்டிய விட்டு எறங்கக் கூடாது. அவனுக்குத்தான் முதல் பரிவட்டம். நடுவுல எறங்கிட்டான்னா உரிமை அடுத்தவனுக்குப் போயிரும். நானு மூத்தவன், எனக்குத்தான் காப்புன்னேன். என்ர சித்தப்பன் மகன் ஒருத்தன் இருக்கறான், குழந்தைவேலு. போன தடவை பொங்கியண்ணன் ஊட்டுக்குப் போச்சே, இந்தத் தடவை எங்களுக்குக் கொடுக்கக் கூடாதான்னு கேட்டான். என்ன பேச்சு பாருங்க! போன தடவைன்னா எங்க தாத்தன் காலம். நான் அதுல ஒரு வாய் சக்கரைப் பொங்கல் கூடத் திங்கலையே!

எட்டு மாசம் இழுத்துச்சு. கடைசியில ஊருல பேசி, காப்பு எனக்கு, கூட வர்றது குழந்தைவேலுன்னு முடிவு பண்ணினாங்க. கூட வர்றதுன்னா எதுக்கு? நான் எப்ப எறங்குவேன்னு பாத்துட்டே வர்றதுக்கு. ஆளு ஒல்லியா ஒடக்கான் கணக்கா இருப்பான். காத்தடிச்சா வேட்டி மட்டுந்தான் நிக்கும். அவனெல்லாம் பரிவட்டம் கட்டினா, தலை எது, பரிவட்டம் எதுன்னு தேடோணும்.

இன்னைக்கு விடியக் காலைல கிளம்பினோமுங்க. லாரி ஓட்டினது மாதேசுன்னு ஒரு பையன், தருமபுரிப் பக்கம். நல்ல டிரைவரு. கேபின்ல அவன், அவனுக்கு அடுத்து ஸ்தபதி கனகரத்தினம், சன்னலோரம் நானு. குழந்தைவேலு ஸ்தபதிக்குப் பக்கத்துல எங்கியோ இருந்தான். எனக்கு வலது பக்கம் திரும்பிப் பாக்க எடமில்ல, அதனால அவன் எப்பிடி உக்காந்தான்னு கவனிக்கல. ஒரு மொறை மட்டும் "அண்ணா, மூச்சு விடோணும்"னான்.

வழியில டிபனுக்கு நிறுத்தினாங்க. நான் எறங்க முடியாதில்லீங்களா? குழந்தைவேலுதான் பார்சல் வாங்கிட்டு வந்து குடுத்தான். நல்லவனாட்டம். எனக்குக் காலைல பசிக்கவே பசிக்காது. பேருக்கு ஒரு எட்டு இட்லி, ரெண்டு வடை. விரதம் மாதிரிதான் வெச்சுக்குங்களேன்.

அப்பறம் டோல்கேட்டு வந்துச்சு.

வண்டி அங்க இருக்கற எடை போடற தட்டு மேல ஏறினதும் சிவப்பு வெளக்கு எரிஞ்சுது. ஓரங்கட்டச் சொன்னாங்க. அங்க பிரேக் இன்ஸ்பெக்டரு ஒருத்தரு நின்னாங்க. லாரிக்காரங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க, வண்டி பரிசோதனை பண்ற அதிகாரி. சின்ன வயசுப் பொண்ணு. மரியாதை தெரிஞ்ச பொண்ணு, அதச் சொல்லியாகோணும். மாதேசுகிட்ட ஆர்.சி. புக்க வாங்கிப் பாத்துட்டு, "வண்டி, சரக்கு, உள்ள இருக்கற ஆளுக, எல்லாஞ் சேத்து இந்த எடைக்கு மேல போகக் கூடாது. நானூத்தி அறுவது கிலோ அதிகமா இருக்குது. அதிகமா இருக்கறத எறக்கிட்டுத்தான் வண்டி நகரணும்"னு சொன்னாங்க.

மாதேசு தலையச் சொறிஞ்சான். "கல்லு செதுக்கற எடத்துலயே எடை போட்டுத்தானுங்க ஏத்தினேன். அப்பச் சரியா இருந்துச்சுங்க"ன்னான்.

"அப்ப வண்டியில யாரு இருந்தா?"

"நானும் ஸ்தபதியுந்தானுங்க. மத்தவங்க எல்லாம் பொறகுதான் ஏறினாங்க."

அப்பிடின்னு சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பாத்தான். எனக்கு உடனே புரிஞ்சுருச்சு. பெரிய மனுசன் நீங்கதான் பேசோணும்னு கண்ணால கெஞ்சறான். சன்னல் வழியாத் தலைய நீட்டினேன்.

"ஏம்மா, இது கல்லு இல்ல. சாமி. சாமிக்கு எல்லாம் எடை பாக்கறதா?"

அந்தப் பொண்ணு கொஞ்சம் ரோசனை பண்ணுச்சு. "சாமின்னு சொல்றீங்களா ஐயா? சாமின்னா ஆளாட்டம். சரக்கு வண்டியில பின்னாடி ஆளு ஏத்தக் கூடாது. அதுக்குத் தனி வழக்கு"ன்னாங்க.

விடுவேனா? "அப்பக் கல்லுன்னே வெச்சுக்கம்மா"ன்னேன்.

"கல்லுன்னா அதிக பாரம் ஐயா."

நான் ஸ்தபதியத் திரும்பிப் பாத்தேன். "நீங்க சொல்லுங்க, இது சாமியா, கல்லா?"

கனகரத்தினம் ரொம்ப நிதானமான ஆளு. "கண்ணு தெறக்கற வரைக்கும் கல்லுதானுங்க. தெறந்துட்டா சாமி. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லீங்க"ன்னாரு.

"அப்ப இங்கியே கண்ணத் தெறந்துருங்க!"

அவரு பதறிப் போயிட்டாரு. "டோல்கேட்டுலயா? மொதல்ல கண்ணு தெறந்து பாக்கற எடந்தானுங்க சாமிக்கு எல்லை. இங்க தெறந்தா இவரு இங்கியேதான் காவலுக்கு நிப்பாரு. அப்பறம் உங்கூரு என்ன பண்ணும்?"

இன்ஸ்பெக்டரம்மாவும், "தயவு பண்ணி இங்க தெறக்காதீங்க ஐயா"ன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. ஆக, அந்த வழியும் அடைபட்டுப் போச்சுங்க.

சரி, எறக்கறதுன்னு ஆரம்பிச்சோம். நான் சீட்டுல உக்காந்தபடியே உத்தரவு போட்டேன். அபிசேகத்துக்குக் காவேரித் தண்ணி ஒரு ட்ரம் இருந்துச்சு. அத ரோட்டு நடுவுல இருக்கற அரளிச் செடிக்கு ஊத்திட்டோம். பூண்டியில இருந்து நாங்க வெச்சிருந்த புண்ணியம் எல்லாம் அந்த அரளிக்குப் போச்சு. அப்பறம் ஸ்டெப்னி டயரு. மாதேசு, "ஏனுங்க, அது இல்லாம எப்பிடிங்க ஓட்டறது"ன்னான். "சாமி இருக்கறப்ப டயரு எப்பிடிடா வெடிக்கும்"னேன். எறக்கிட்டான். தேங்கா மூட்டை. அப்பறம் பலிக்குப் புடிச்சுக் கட்டியிருந்த கெடா.

அந்தப் போர்ட எறக்கலாமான்னு குழந்தைவேலு கேட்டான் பாருங்க! இந்தா, உங்க முட்டியில இருக்குதே, இதுதான். அவனுக்கு வேற எதுவும் கண்ணுல படல. "அது வெறுந் துணிடா, எடையே கெடையாது"ன்னுட்டேன்.

மறுபடியும் தட்டு மேல ஏத்தினாங்க. நூத்திப்பத்து கிலோ அதிகம்.

மாதேசு ஸ்தபதியப் பாத்தான். ஸ்தபதி குழந்தைவேலப் பாத்தாரு. குழந்தைவேலு கருப்பணசாமியப் பாத்தான். சாமிக்குக் கண்ணக் கட்டியிருக்குது, அவரு யாரையும் பாக்கல. இன்ஸ்பெக்டரம்மா என்னைப் பாத்து, "ஐயா, கேபின்ல வெக்கையா இருக்குமே. கொஞ்ச நேரம் எறங்கி அந்த நெழல்ல நிக்கலாமே"ன்னாங்க. எத்தனை பண்பு பாருங்க! அதிகாரியா இருந்தும் பெரியவங்க வேர்வையில நனையறாங்களேன்னு ஒரு இது. "வேண்டாம்மா, நான் எறங்கக் கூடாது, காப்புக் கட்டியிருக்கறேன்"னு கையக் காமிச்சேன்.

"சட்டப்படி வண்டியில இருக்கற எல்லாமே எடைதான் ஐயா. எல்லாமே"ன்னாங்க.

"நானும் அதத்தானம்மா சொல்றேன். இன்னும் என்ன இருக்குதுன்னு தேடுங்க!"

தேடினாங்க. சீட்டுக்கு அடியில ஜாக்கி இருந்துச்சு. ஸ்தபதியோட உளிப் பை இருந்துச்சு. சாமிக்குக் கண்ணு தெறக்கற தங்க உளி மட்டும் மடியில வெச்சுக்கிட்டு மத்ததெல்லாம் எறக்கிட்டாரு, பாவம். மாதேசு தன்னோட செருப்பக் கூடக் கழட்டி வெச்சான். எல்லாம் எறக்கியும் அந்த எந்திரத்துல நம்பரு நகரல. ஜாக்கி, உளி, செருப்பு எல்லாஞ் சேந்து பத்து கிலோ கூடவா வராது? அது பத்துப் பத்தாத்தான் காட்டுமாமா. என்ன எந்திரமோ.

"எந்திரத்துல கோளாறும்மா"ன்னேன்.

அந்த நேரம் பாத்து இந்தக் கெடா கவுத்த இழுத்துக்கிட்டு மெதுவாத் தட்டு மேல ஏறிருச்சு. நூத்திப்பத்து, நூத்தி முப்பதாச்சு. வெரட்டினாங்க, எறங்கிருச்சு. திரும்ப நூத்திப்பத்து. மறுபடி ஏறுச்சு, நூத்தி முப்பது. எறங்குச்சு, நூத்திப்பத்து. "பாத்தீங்களா ஐயா, எந்திரம் சரியாத்தான் இருக்குது"ங்கறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ஆட்டுக்குச் சரியாக் காட்டுதும்மா. மனுசங்க விசயத்துலதான் தப்புப் பண்ணுது"ன்னேன்.

அப்பத்தான் குழந்தைவேலு, "அண்ணா, நான் எறங்கிக்கறேன்"னான்.

தம்பி, உண்மையச் சொல்றேன், எனக்குச் சந்தோசம் தாங்கல. சாட்சிக்குன்னு வந்தவன் அவனா எறங்கறான்! எறங்கினான். நூத்திப்பத்து அறுவதாச்சு. ஆனா இன்னும் அறுவது நிக்குது! ஒரு ஆளு முழுசா எறங்கியும் பத்தல. அப்பிடீன்னா அவன் ஆளே இல்லைன்னுதானே அர்த்தம்? நான் அப்பவே சொன்னேன்.

மாதேசு சன்னல்கிட்ட வந்து மெதுவாச் சொன்னான். "பெரியவரே, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க."

"சொல்லு கண்ணு."

வாயத் தெறந்தான். மூடினான். மறுபடி தெறந்தான். "ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குத் தண்ணி கிண்ணி வேணுங்களா"ன்னுட்டுப் போயிட்டான்.

அப்பறம் ஸ்தபதி வந்தாரு. "உங்க எடை எத்தனை இருக்குமுங்க"ன்னாரு. என்ர உடம்பப் பத்தி அக்கறையா விசாரிக்கறாரு. கல்யாணத்தப்பப் பாத்தேன், எழுவத்திரெண்டு. இப்பவும் அதேதான் இருக்கும். எனக்கு ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. சட்டை மட்டுந்தான் வருசா வருசம் சுருங்கிப் போயிருது, துணி தரமில்ல. அதச் சொன்னேன். அவரும் தலைய ஆட்டிக்கிட்டு அக்கட்டால போயிட்டாரு.

எனக்கு ஒரு கோவம் வந்துச்சு பாருங்க. சாமி நிக்கறாரு, முகூர்த்தம் ஓடுது, இத்தனை பேரு இருந்தும் ஒருத்தனுக்கும் ஒரு வழி தெரியல. பெரிய எடத்துல எனக்கு ஒருத்தரைத் தெரியுமுங்க. என்ர மச்சினனுக்குப் பழக்கம். ஒரு ஃபோனு போட்டா முடிஞ்சுது. ஆனா கேபின்ல டவரு கெடைக்கல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில கெடைக்கும்னாங்க.

எறங்கக் கூடாதே! என்ன பண்றது? ரோசனை பண்ணினேன். பஸ்ஸுல நாம என்ன பண்றோம்? சன்னல் வழியாத் துண்டப் போட்டு எடம் புடிக்கறோம். துண்டு கெடந்தா ஆளு உக்காந்திருக்கற மாதிரிதானே? யாரும் அந்தச் சீட்டுல உக்கார மாட்டாங்க. அதுக்கு ஒரு மரியாதை இருக்குதில்லீங்களா? என்ர சரிகைத் துண்ட எடுத்துச் சீட்டுல விரிச்சுப் போட்டேன். "டேய் குழந்தைவேலு, பாத்துக்க. நான் எறங்கல. துண்டு இருக்குது"ன்னேன். "சரிண்ணா"ன்னான்.

போர்டையும் கையோட எடுத்துக்கிட்டேன். வெயிலுக்கு ஆகுமேன்னுதான்.

டீக்கடையில பாருங்க, அப்பத்தான் போண்டா எறக்கினான். ஃபோன எடுக்கற வரைக்கும் சும்மா நிக்கறதுக்கு ரெண்டு. மச்சினன் ஃபோன எடுத்தான். நான் வெவரம் சொல்லிட்டிருக்கறேன். அந்தப் பக்கம் மாதேசு ஹாரன் அடிக்கறான். திரும்பிப் பாத்தா வண்டி தட்டு மேல நிக்குது, பச்சை வெளக்கு எரியுது. எல்லாரும் என்னைப் பாத்துக் கைய ஆட்டறாங்க. எனக்கு வாய் நெறையா போண்டா. கைய ஒசத்தி, இரு இருன்னு ஆட்டினேன். அவனுக, போ போன்னு எடுத்துக்கிட்டானுக. போயிட்டானுக தம்பி! குழந்தைவேலும் ஏறிக்கிட்டான்! என்ர சாமி என்னை விட்டுட்டுப் போயிருச்சு!

ஓடினேன். என்னால முடிஞ்ச வரைக்கும் ஓடினேன். டீக்கடை வாசல் வரைக்கும்.

அப்பறம் ரோட்டத் தாண்டி வந்து அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன். "ஏம்மா, அந்த அறுவது கிலோ என்னாச்சு? நூத்திப்பத்து என்னாச்சு? எதுவும் எறக்கலையே, எப்பிடிப் பச்சை எரிஞ்சுது?" அது என்னைப் பாத்துச்சு. அப்பறம் தரையப் பாத்துச்சு. "சரியாயிருச்சு ஐயா. கூட வந்தவரு ஏறிக்கிட்டும் சரியாத்தான் இருந்துச்சு"ன்னு மட்டும் சொல்லுச்சு. எந்திரத்து மேல தப்புன்னு ஒத்துக்க வெக்கம். நல்ல பொண்ணு, அதனால நானும் வற்புறுத்தல. எனக்கு உக்காரச் சேரு போட்டுச்சு. அந்தச் சேரும் தரமில்ல, காலு ஒண்ணு மடங்கிருச்சு. பொறகு அதுவே எனக்கு இந்த மினி பஸ்ஸு வர்ற எடத்தக் காமிச்சுச்சு. டயரு, தேங்கா, கெடா எல்லாம் பத்திரமா வெச்சிருக்கறேன், பொறகு வந்து எடுத்துக்குங்கன்னுச்சு.

இதுதான் கதை. இப்பச் சொல்லுங்க, எதுல தப்பு? யாரு மேல தப்பு?

நான் சொல்றேன். எல்லாம் குழந்தைவேலு பண்ணின வேலை. அவன்தான் எதையோ எறக்கியிருக்கறான், எனக்குத் தெரியாம. ஏற்கனவே எறக்கியிருந்தா நானும் சாமிகூடப் போயிருப்பேன். நான் எறங்கற வரைக்கும் காத்திருந்து எறக்கியிருக்கறான்! இன்னேரம் பரிவட்டத்தக் கட்டிக்கிட்டு நிப்பான். ஊரு பூரா பாக்கும். என்ர சம்சாரம் பாக்கும். மக பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வந்திருக்கறா தம்பி, அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டறதப் பாக்கோணும்னு மாப்பிள்ளை ஊட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கறா. அவ மொகத்துல நான் எப்பிடி முழிக்கறது? எனக்கு அழுகையா வருதுங்க.

கொஞ்சம் இருங்க. ஃபோனு அடிக்குது. அவனேதான். பாருங்க, எளக்காரம் பண்ணக் கூப்புடறான்.

"சொல்லுடா. … எங்கிருந்தா உனக்கென்ன? மினி பஸ்ஸுல வர்றேன். … என்ன? … கட்டலையா? … ஏன்?"

"… கேக்குது, சொல்லு."

"… சரி. … சரிடா. … வர்றேன். பன்னெண்டுக்குள்ள வந்துருவேன். வெச்சுரு."

தம்பி. அவன் கட்டிக்கலையாமா.

ஊருல பரிவட்டத்த நீட்டியிருக்கறாங்க. அண்ணன் எறங்கலைன்னு சொல்லியிருக்கறான். வண்டிக்குள்ள எட்டிப் பாருங்க, துண்டு சீட்டுலதான் இருக்குது, துண்டு இருந்தா ஆளு இருக்கற மாதிரின்னு சொல்லியிருக்கறான். அந்தச் சீட்டுல அவன் உக்காரலீங்க தம்பி. டோல்கேட்டுல இருந்து கருக்கம்வலசு வரைக்கும், குனிஞ்சு, கேபின்ல நின்னுட்டே வந்திருக்கறான். முதுகு புடிச்சுருச்சாமா. ஊரே ஒத்துக்கிட்டு எனக்காக நிக்குதாமா. ஸ்தபதி உளியக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாராமா. பன்னெண்டு அடிச்சா ராவுகாலம், அதுக்கு மேல நிக்க முடியாதுங்கறான். வெசையா வாண்ணாங்கறான்.

எட்டு மாசமா அவனோட நான் மொகங் குடுத்துப் பேசல.

சரி, இதுல இருந்து என்ன தெரியுது? நான் இல்லாம அங்க ஒண்ணும் ஓடாதுன்னு தெரியுதில்லீங்களா?

மணி என்ன, பதினொண்ணே முக்காலா? போதும். இந்த வாய்க்கா மேட்ட ஏறி எறங்கினா எங்கூரு கோபுரம் தெரியும். ஏழு நிமிசம். அட, என்ன, நின்னுருச்சு? ஏனுங்க கண்டக்டரே, ஏன் நிக்குது? மேடு ஏறலையா? தெனமும் ஏறற வண்டிதானே! ஆளு ஜாஸ்தியா? எங்க ஜாஸ்தி? நான் எண்ணிப் பாத்தனே, பதினோரு பேருதான்!

ஆம்பளைங்க எல்லாம் எறங்கச் சொல்றாரு. எறங்குங்க, எறங்குங்க, சாமிக்கு நேரமாகுது. நான் காப்புக் கட்டியிருக்கறேன், நான் எறங்கக் கூடாது. … எல்லாரும் எறங்கியாச்சா? அப்பறம் ஏன் ஏறல? பின்னால உருளுதே! எஞ்சின்ல கோளாறுங்க கண்டக்டரே. காத்து அடைச்சிருக்கும் பாருங்க.

என்ன எல்லாரும் என்னையே பாக்கறீங்க? ஏன் தம்பி, நீங்களும் அந்த டோல்கேட்டுப் பொண்ணு பாத்த மாதிரியே பாக்கறீங்க?

வெக்கையா இருக்குதுன்னா? நெழலா? வேர்க்கத்தான் செய்யுது. சரி, ஒரு நிமிசம் எறங்கிக் காத்து வாங்கறேன். காப்பு அந்த வண்டிக்குத்தானே, இந்த வண்டிக்கு இல்லையே. நீங்க ஏறிக்குங்க தம்பி. எல்லாரும் ஏறிக்குங்க, பரவால்ல. போர்டப் பத்திரமாப் புடிச்சுக்குங்க. ஏறுங்க, ஏறுங்க.

ஏ, இருப்பா! மேட்டுல நிறுத்திரு! நான் நடந்து வந்து ஏறிக்கறேன்! கேக்குதா? தம்பி, நிறுத்தச் சொல்லுங்க! நிறுத்தினாத் திரும்பக் கெளம்பாதா? அப்ப நிறுத்த வேண்டாம், மெதுவாப் போகச் சொல்லுங்க! தம்பி!

தம்பி! கருக்கம்வலசுல எறங்கி ஒரு வார்த்தை சொல்லிருங்க! கோயில்ல குழந்தைவேலுன்னு ஒல்லியா ஒருத்தன் முதுகப் புடிச்சுக்கிட்டு நிப்பான்! காத்திருக்க வேண்டாம்னு சொல்லுங்க! கண்ணத் தெறக்கச் சொல்லுங்க! லாரிச் சீட்டுல என்ர துண்டு கெடக்குது, அத எடுத்து அவன் தலையில கட்டச் சொல்லுங்க! என்ர துண்டு! நானே கட்டிவிட்ட மாதிரின்னு சொல்லுங்க! என்ர மக அழுதாச் சமாதானம் சொல்லுங்க! கேக்குதுங்களா? … கைய ஆட்டறாரு. கேட்டிருக்கும்.

அட. என்னமா ஏறுது பாரு.